சூரியன் 14 செ.மீ. என்றால் அடுத்த நட்சத்திரம் எங்கே? பள்ளி மாதிரிக்குக் கணக்கு வேண்டும்

கரும்பலகை:

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரியக் குடும்பத்தையும் நட்சத்திரங்களையும் அளவு பிசகாமல் காட்டும் ஒரு மாதிரி செய்ய வேண்டும். இடம் மதுரைப் பக்கம். பள்ளி மைதானம் நீளவாக்கில் 110 மீட்டர். வாசலில் இருந்து கண்மாய்க்கரை வரை நேர்ச்சாலை அரை கிலோமீட்டர் இருக்கிறது. ஞாயிறு காலையில் அதில் வண்டி அதிகம் வராது.

முதலில் போட்ட திட்டம்: சூரியனுக்குக் கால்பந்து, பூமிக்குக் கோலிக்குண்டு, வியாழனுக்கு டென்னிஸ் பந்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை. எந்த அளவில் ஆரம்பித்தால் இந்தச் சாலைக்குள் நெப்டியூன் வரை அடங்கும்? அதே அளவில் அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது? பிள்ளைகள் எல்லோரும் போனில் நட்சத்திரங்களின் அளவை ஒப்பிடும் வீடியோ பார்த்திருக்கிறார்கள். திருவாதிரை வியாழனையே விழுங்கும் என்று அதில் வருகிறதாம், அது சரியா? பால்வீதியையும் பிரபஞ்சத்தையும் இதே மாதிரியில் சேர்க்க வழி இருக்கிறதா?

அளவுகோல்:

டீச்சர், உங்கள் திட்டத்தில் இடிப்பது கோலிக்குண்டுதான். 5ஆம் எண் கால்பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. அது சூரியன் என்றால் பூமி 2 மி.மீ., வியாழன் 2.2 செ.மீ. மட்டுமே. இல்லை, 16 மி.மீ. கோலிதான் பூமி என்று வைத்துக்கொண்டால் சூரியன் ஆள் உயரத்துக்கு, 1.75 மீட்டர் விட்டத்தில் வேண்டும். அதை 188 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். கைக்குக் கிடைத்த பந்துகளை வைத்துத் தொடங்கினால் எப்போதும் இப்படித்தான் ஆகும். அளவை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற பொருளைத் தேடுவதுதான் சரியான வரிசை.

உங்கள் சாலைக்கு 1000 கோடியில் ஒரு பங்கு என்ற அளவு கச்சிதம். வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் என்ற திறந்தவெளியில் 2001இல் நிறுவிய சூரியக் குடும்ப மாதிரியும் இதே அளவில்தான் இருக்கிறது. பிள்ளைகளே மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி: 1 மீட்டர் என்றால் 1 கோடி கி.மீ., 1 மி.மீ. என்றால் 10,000 கி.மீ.

சூரியன் 13.9 செ.மீ. அந்த அளவில் பந்து தேடி அலைய வேண்டாம். காம்பஸை 7 செ.மீ. விரித்து, அட்டையில் வட்டம் வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தால் போதும். தூரத்தில் இருந்து பார்க்க உருண்டையும் தட்டும் ஒன்றுதான். அதில் இருந்து புதன் 5.8 மீட்டர், வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. வியாழன் வரை மைதானத்துக்குள் முடிந்துவிடும், மற்றதற்குச் சாலை. புளூட்டோவின் சராசரி 590 மீட்டர், ஆனால் அது 444இல் இருந்து 737 வரை போய்வரும். கரைக்கு அப்பால் கை காட்டிவிடுங்கள். புதனும் நீள்வட்டப் பாதையில் 4.6இல் இருந்து 7 மீட்டர் வரை ஆடுகிறது, சராசரியை மட்டும் குறித்தால் போதும்.

பொருள்கள் எல்லாம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன. பூமியும் வெள்ளியும் சின்னக் கடுகு. பூமிக்கு 1.27 மி.மீ. வேண்டும். ஒரு கடுகை ஸ்கேலில் வைத்து அளக்க முடியாது. பத்தை வரிசையாக ஒட்டி வைத்துப் பாருங்கள், 13 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் சரி. பெரிய கடுகு 20 மி.மீ. காட்டும், அது ஆகாது. செவ்வாய் 0.68 மி.மீ., கசகசாவில் பொடியாகப் பார்த்து ஒன்று. புதன் அரை மி.மீ., 0.5 பேனாவால் ஒரு புள்ளி. யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் மிளகு, பத்து மிளகு 50 மி.மீ. வர வேண்டும். சனி 11.6 மி.மீ., வெள்ளைக் கொண்டைக்கடலையில் பெரிதாக ஒன்று பொறுக்குங்கள். அதன் வளையத்தின் வெளிவிட்டம் 27 மி.மீ., அதாவது பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். நாணயத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டலாம். வியாழன் 14 மி.மீ. உங்கள் கோலிக்குண்டுக்கு அங்கே வேலை இருக்கிறது, சின்னதாகப் பாருங்கள்.

நிலாவை விட்டுவிடாதீர்கள். பூமிக் கடுகில் இருந்து 3.8 செ.மீ. தள்ளி ஊசிமுனையால் ஒரு புள்ளி. மனிதர் போய்வந்த தூரம் அவ்வளவுதான், இரண்டு விரல் அகலம். அந்த அட்டையைப் பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கட்டும்.

இனி, கெட்டுப்போகிற இடங்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும். 15 மீட்டர் கயிறு என்று 30 தடவை போட்டால் நெப்டியூன் பத்துப் பதினைந்து மீட்டர் ஓடிவிடும். 30 மீட்டர் அளவு நாடாவே வையுங்கள். சாலையில் சைக்கிள் இன்னும் சுலபம்: டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு எத்தனை செ.மீ. என்று தரையில் உருட்டி அளந்துவிட்டு, சுற்றை எண்ணிக்கொண்டு போகலாம். போன் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் வரை பிசகும். நெப்டியூனுக்கு அது பரவாயில்லை, புதனுக்கு ஆகவே ஆகாது. கடுகைத் தரையில் வைத்தால் காற்று கொண்டுபோய்விடும்; வெள்ளை அட்டையில் ஃபெவிக்கால் வைத்து ஒட்டி, அட்டையைக் குச்சியில் கட்டி நடுங்கள்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை. பூமிக் குச்சியருகே நின்று அட்டைச் சூரியனைப் பாருங்கள். வானத்தில் முழுநிலவு எவ்வளவு அகலம் தெரியுமோ அவ்வளவு, அரை டிகிரி, தெரிய வேண்டும். நிஜச் சூரியனும் அதே அகலம்தான், ஆனால் அதை நேராகப் பார்த்து ஒப்பிட யாரையும் விடாதீர்கள். அட்டை அதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது.

தென்வானம்:

அளவுகோல் சார் கோளை முடித்துவிட்டார், நான் நட்சத்திரத்தைச் சொல்கிறேன்.

இந்த அளவில் ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம், 946 கி.மீ. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் ப்ராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. பெருக்கினால் 4,010 கி.மீ. வரும். மதுரையில் அட்டைச் சூரியன் நின்றால் ப்ராக்சிமா ஏறக்குறைய ஹாங்காங்கில். கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியே சுமார் 3,700 கி.மீ., அதுவும் போதாது. அங்கே வைக்க வேண்டிய பொருள் 2 செ.மீ. உருண்டை ஒன்று. ப்ராக்சிமா ஒரு செங்குறுமீன், அதாவது மங்கலாக எரியும் சிறிய சிவப்பு நட்சத்திரம். சூரியனின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் பெரிது, 15 சதவீதம்தான்.

அதில் இருந்து சுமார் 195 கி.மீ. தள்ளி அதன் அண்ணன்மார் இருவர், ஆல்பா சென்டாரி ஏ, பி. ஒன்று 17 செ.மீ., மற்றொன்று 12 செ.மீ. இரண்டும் ஒன்றையொன்று 80 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும், இடைவெளி 167 மீட்டரில் இருந்து 533 மீட்டர் வரை மாறும். உங்கள் மைதானமும் சாலையும் சேர்ந்த நீளத்துக்குள் அந்த ஜோடி அடங்கிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது இரட்டை என்று 1689 டிசம்பரில் கண்டவர் ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி. ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியபோது கண்டார். அவர் அப்போது இருந்த ஊர் புதுச்சேரி.

இதை அவர்கள் வானத்திலேயே பார்க்கலாம். மதுரையில் ஆல்பா சென்டாரி தெற்குத் தொடுவானத்துக்கு மேல் 19 டிகிரி வரை ஏறும். கையை நீட்டிக் குவித்த முட்டி பத்து டிகிரி என்பதால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முட்டி உயரம். ஜூன் முதல் வாரத்தில் இரவு பத்து, பத்தேகால் மணிக்கு நேர்த்தெற்கில் நிற்கும். பக்கத்திலேயே வலப்புறம் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம், ஹடார். இரண்டில் இடப்பக்கம் இருப்பதுதான் நம்முடையது. ப்ராக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

வகுப்பில் காட்ட உலக உருண்டை போதும். 30 செ.மீ. உருண்டை என்றால் 4,000 கி.மீ.க்கு நூல் 9.4 செ.மீ. மதுரையில் ஒரு முனையை அழுத்திப் பிடித்து மறுமுனையைச் சுற்றிவரச் செய்யுங்கள். அரபு நாடுகள், நடு ஆசியா, சீனாவின் தென்பகுதி, இந்தோனேசியா எல்லாம் தொட்டு வரும். அந்த வட்டத்துக்குள் ஓர் அட்டைச் சூரியன், சில கடுகு, மிளகு, ஒரு கடலை, ஒரு கோலி. வேறு நட்சத்திரம் ஒன்றுமே இல்லை. அளவை விட இந்த வெறுமைதான் பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டும்.

இவ்வளவு தூரத்தை எப்படி அளந்தார்கள் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு படம், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு படம். அருகில் உள்ள நட்சத்திரம் பின்னணிக்கு எதிரே கொஞ்சம் நகர்ந்திருக்கும். கட்டை விரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்க்கும் அதே வித்தை, இடமாறு தோற்றம் என்பார்கள். அந்த நகர்வின் பாதியைத்தான் கணக்கில் எடுக்கிறோம். ப்ராக்சிமாவுக்கு அது 0.77 விகலை (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு விகலை). ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அதன் அகலம் அவ்வளவுதான். மிக அருகில் இருக்கும் நட்சத்திரத்துக்கே இப்படி! 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்துக்கு இதை அளந்து வெளியிட்டார், அது 61 சிக்னி. கையா விண்கலம் 2014இல் இருந்து 2025 ஜனவரி வரை இதே வேலையை ஏறத்தாழ 200 கோடி நட்சத்திரங்களுக்குச் செய்தது.

ராக்கண்:

திருவாதிரைக்கு வருகிறேன். அந்த வீடியோவில் பாதி சரி, பாதி தப்பு.

2020இல் வந்த ஒரு கணிப்பின்படி அதன் ஆரம் சூரியனைப் போல் சுமார் 760 மடங்கு. உங்கள் அளவில் மையத்தில் இருந்து 53 மீட்டர். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், 33 முதல் 48 மீட்டர் வரை கிடக்கும் குறுங்கோள் பட்டை எல்லாம் உள்ளே போய்விடும். வியாழன் 78 மீட்டரில் வெளியே நிற்கும். ஆக, வியாழனை விழுங்கும் என்பது இன்றைய கணிப்புக்குப் பொருந்தாது. பழைய கணிப்புகள் சில இதைவிடப் பெரிய ஆரம் சொன்னதால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது.

ஏன் கணிப்பு மாறுகிறது? நட்சத்திரத்தின் அகலத்தை நேராக அளக்க முடியாது. எத்தனை விகலை அகலம் தெரிகிறது என்பதை அளந்து, தூரத்தால் பெருக்க வேண்டும். 1920 டிசம்பரில் மைக்கேல்சனும் பீஸும் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் முதன்முதலில் அளந்த நட்சத்திர அகலமே திருவாதிரையுடையதுதான், 0.047 விகலை. அந்த எண் இன்றும் பெரிதாக மாறவில்லை. சிக்கல் தூரத்தில். தென்வானம் சொன்ன இடமாறு தோற்றம் இதற்கு 0.006 விகலை அளவுதான். நட்சத்திரத்தின் தட்டே அதைவிட ஏழு மடங்கு அகலம்! போதாக்குறைக்கு, கொதிக்கும் பாலில் ஏடு புரள்வது போல அதன் மேற்பரப்பில் பெரும் குமிழிகள் எழுந்து அடங்குவதால் வெளிச்சத்தின் நடுப்புள்ளியே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரம் நகர்ந்ததா, குமிழி நகர்ந்ததா என்று பிரிப்பது பெரும்பாடு. கையாவுக்கு அது மிதமிஞ்சிய பிரகாசம். அதனால் தூரம் சுமார் 550 ஒளியாண்டு என்பதைக் கொஞ்சம் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தூரம் மாறினால் ஆரமும் அதே விகிதத்தில் மாறும். வீடியோக்களில் கடைசியாக வருகிற ‘உலகிலேயே பெரிய நட்சத்திரம்’ எல்லாமே இதே நோய் உள்ளவை. தூரம் இன்னும் அதிகம், பிழையும் அதிகம். அந்த எண்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

வீடியோ சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று எடை. திருவாதிரையின் எடை சூரியனைப் போல் பதினைந்து, இருபது மடங்குக்குள்தான். அதைக் கோடிக்கணக்கான மடங்கு பருமனில் பரப்பினால் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றை விட ஏறத்தாழ 20,000 மடங்கு மெலிவு. அதற்குத் திட்டமான விளிம்பும் கிடையாது, மூடுபனி போல மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே போகும். மறுபுறம் சிரியஸின் துணை நட்சத்திரம் இருக்கிறது: உங்கள் அளவில் சின்னக் கடுகு, பூமியை விடக் கொஞ்சம் சிறிது, ஆனால் எடை முழுச் சூரியன். ‘பெரிது’ என்ற சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று பிள்ளைகளைக் கேட்க இந்த ஜோடி நல்லது.

இரண்டாவது, இந்த அரக்கர்கள் அபூர்வம். நட்சத்திரங்களில் நாலில் மூன்று பங்கு சூரியனை விடச் சிறிய செங்குறுமீன்கள், உங்கள் அளவில் கோலியில் இருந்து சாத்துக்குடி வரை. அவற்றில் ஒன்றைக் கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. வானத்தில் நமக்குத் தெரிவது தொலைவிலும் தெரியும்படி எரிகிறவை மட்டும். பேர் வைத்த நட்சத்திரங்களை வரிசைப்படுத்தினால் சிரியஸ் 24 செ.மீ., சுவாதி 3.5 மீட்டர், ரோகிணி 6 மீட்டர், கேட்டை கிட்டத்தட்ட 95 மீட்டர் விட்டம்.

செய்முறைக்கு: மைதானத்தின் நடுவில் ஒருவர் நின்று 53 மீட்டர் கயிற்றைப் பிடிக்கட்டும், மற்றொருவர் மறுமுனையோடு சுண்ணாம்புத் தூளால் வில் போடட்டும். விட்டம் 106 மீட்டர், உங்கள் 110 மீட்டர் மைதானம் நீளவாக்கில் நிரம்பிவிடும். அகலம் போதாது, இரண்டு பக்கமும் வில்லாக விட்டால் போதும். நடுவில் 14 செ.மீ. அட்டை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இது அளவைக் காட்ட அழைத்து வந்தது, இருக்கும் இடம் இது இல்லை. இதே மாதிரியில் திருவாதிரையின் இடம் 5.2 லட்சம் கி.மீ.க்கு அப்பால், நிஜ நிலாவையும் தாண்டி.

சாக்பீஸ்:

இவ்வளவு ஓட்டம் எதற்கு? வகுப்பறைச் சுவரில் மடக்கை அளவுகோல் வரைந்தால் போதுமே. ஒவ்வொரு சாணுக்கும் பத்து மடங்கு. பூமியில் இருந்து பிரபஞ்ச விளிம்பு வரை ஒரே சுவரில் வந்துவிடும்.

அளவுகோல்:

வரும், சார். ஆனால் எட்டாம் வகுப்புக்கு மடக்கை இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும், நெப்டியூனுக்கும் ப்ராக்சிமாவுக்கும் நடுவே உள்ள சுமார் 9,000 மடங்கு இடைவெளி அந்தச் சுவரில் நாலு சாண் ஆகிவிடும். நிலாவின் தூரத்தில் இருந்து நெப்டியூனின் தூரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு தாவல் என்று கண் நம்பிவிடும். வெறுமையைக் காட்ட வந்த இடத்தில் வெறுமையையே அழித்துவிடுகிறது. மடக்கைச் சுவரை மாதிரி முடிந்த பிறகு, நடந்து கால் வலித்த பிள்ளைகளுக்குக் காட்டினால் அப்போது அதன் பயன் புரியும்.

டீச்சர், சூரிய மாதிரியிலேயே இன்னொன்று சேருங்கள், செலவே இல்லை. இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 செ.மீ. எறும்பு நடக்கிற வேகம். சூரிய அட்டையில் இருந்து 30 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே போய், ஒரு பிள்ளை பத்து நொடிக்கு ஒரு கோடு என்று ஒரு பொம்மையை நகர்த்தட்டும். பூமிக் குச்சிக்கு வந்துசேர 8 நிமிடம் 19 நொடி ஆகும். முதல் நிமிடத்திலேயே பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், அதைத் தடுக்காதீர்கள். கடுகில் இருந்து நிலாப் புள்ளிக்கு ஒன்றேகால் நொடி. நெப்டியூனுக்கு 4 மணி 10 நிமிடம். ஹாங்காங்குக்கு இதே நடையில் நாலேகால் வருடம். ஒளியாண்டு என்பது காலம் இல்லை, தூரம் என்பதைப் பிறகு தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வாயேஜர் 1 விண்கலத்தையும் காட்டலாம். 1977 செப்டம்பரில் கிளம்பியது, இப்போது சுமார் 2,500 கோடி கி.மீ. தூரத்தில். உங்கள் பள்ளியில் இருந்து இரண்டரை கிலோமீட்டர். நொடிக்கு 17 கி.மீ. வேகம் என்றாலும் மாதிரியில் ஒரு நாளைக்கு 15 செ.மீ.தான் நகரும், அதாவது ஒரு சூரிய அட்டை அகலம். வருடத்துக்கு 54 மீட்டர். அது ப்ராக்சிமா இருக்கும் பக்கம் போகவில்லை. போனாலும் 4,000 கி.மீ.யை இந்த வேகத்தில் கடக்க 75,000 ஆண்டு வேண்டும்.

கரும்பலகை:

கடுகு, மிளகு எல்லாம் அளந்து பார்த்தேன், மிளகு பத்துக்கு 49 மி.மீ. வந்தது. மிக்க நன்றி. பால்வீதிக்கு மட்டும் வழி சொல்லுங்கள். ஹாங்காங்குக்கு மேல் இந்த அளவை இழுக்க முடியாது என்று தெரிகிறது.

தென்வானம்:

முடியாது. அளவை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது பிள்ளைகள் கண் முன்னாலேயே மாற்றுங்கள். ஒரே வரைபடத்தில் கோளுக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறோர் அளவு என்று சத்தமில்லாமல் கலப்பதால்தான் பாடநூல் படங்கள் கெட்டன.

புதிய அளவு: 1 மி.மீ. என்றால் 1 ஒளியாண்டு. முந்தைய மாதிரியை இன்னும் 94.6 கோடி மடங்கு சுருக்குகிறோம். மதுரைக்கும் ஹாங்காங்குக்கும் இருந்த தூரம் இப்போது 4.2 மி.மீ. நீங்கள் நடந்த நெப்டியூன் பாதை முழுவதும், சூரியனின் இருபுறமும் சேர்த்து, ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியன் 0.15 நானோமீட்டர். அது ஓர் அணுவின் அளவு.

இந்த அளவில் பால்வீதித் தட்டின் விட்டம் சுமார் 100 மீட்டர், அதே மைதானம். முன்பு போட்ட திருவாதிரை வில்லை அழிக்காமல் வைத்திருந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பால்வீதி விளிம்பாகவும் அதையே பயன்படுத்தலாம். தட்டின் கனம் சுமார் ஒரு மீட்டர், பிள்ளைகளின் இடுப்பளவு. சூரியன் மையத்தில் இருந்து 26 மீட்டர் சொச்சத்தில், அங்கே ஒரு குச்சி நடுங்கள். குச்சியில் இருந்து திருவாதிரை 55 செ.மீ., கார்த்திகைக் கூட்டம் 44 செ.மீ., சுவாதி 4 செ.மீ.க்கும் குறைவு, சித்திரை 25 செ.மீ. இரவில் நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை குச்சியைச் சுற்றிக் கையை வீசினால் எட்டுகிற தூரத்துக்குள். மைதானத்தின் மற்ற பகுதியில் தனித்தனியாக எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, வெள்ளைப் புகைப்பட்டையாக மட்டும் தெரியும்.

பால்வீதிக்கு வெளியே உள்ள நட்சத்திரத் திரள்களை, அதாவது வேறு கேலக்ஸிகளை, எடுத்துக்கொண்டால் பெரிய மெகல்லன் மேகம் குச்சியில் இருந்து 160 மீட்டர். ஆண்ட்ரோமீடா இரண்டரை கிலோமீட்டர், வாயேஜரைக் காட்டிய அதே இடம். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வைக்கலாம். இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கும் தூரம் அவற்றின் அகலத்தைப் போல் இருபத்தைந்து மடங்குதான். ஆனால் சூரியனுக்கும் ப்ராக்சிமாவுக்கும் நடுவே சூரியனின் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று கோடி மடங்கு. அதனால் கேலக்ஸிகள் மோதிக்கொள்வது சகஜம், அப்படி மோதும்போதும் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டுவது அநேகமாக நடக்காது.

காணக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு எல்லாப் பக்கமும் 4,650 கோடி ஒளியாண்டு. இந்த அளவில் 46,500 கி.மீ., பூமியை ஒரு சுற்று சுற்றி அதற்கு மேலும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதானே, ஒளி எப்படி அதற்கு மேல் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் வழியே நீண்டுகொண்டிருந்தது. கிளம்பிய இடம் இப்போது இருக்கும் தூரத்தைத்தான் 4,650 கோடி என்கிறோம்.

ராக்கண்:

கேலக்ஸி எண்ணிக்கைக்கு ஒரு துளை போதும். அட்டையில் 1 மி.மீ. துளை போட்டு, ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பிடித்துப் பாருங்கள். முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தெரியும். ஹப்பிள் தொலைநோக்கி 2004இல் வெளியான ஆழ்வானப் படத்தில் பார்த்த துண்டு ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் சுமார் 10,000 கேலக்ஸிகள்.

கரும்பலகை:

பால்வீதியில் உள்ள நட்சத்திர எண்ணிக்கைக்கு அரிசியைக் கொண்டு வரச் சொல்லலாமா? ஒரு மூட்டை போதுமா?

அளவுகோல்:

எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். சமையலறைத் தராசில் ஒரு அரிசி காட்டாது. ஆயிரம் அரிசி எண்ணி நிறுத்தால் ரகத்தைப் பொறுத்து 15இல் இருந்து 25 கிராம் வரும், 20 என்று வைத்துக்கொள்வோம். விளக்கு வெளிச்சம் இல்லாத ஊரில், மேகம் இல்லாத அமாவாசை இரவில், ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம் சுமார் 3,000. அதற்கு 60 கிராம், ஒரு பெரிய கைப்பிடி. அதை ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.

பால்வீதியில் 10,000 கோடியில் இருந்து 40,000 கோடி நட்சத்திரங்கள் வரை என்று மதிப்பிடுகிறார்கள். குறைந்த எண்ணுக்கே 2,000 டன் அரிசி வேண்டும். பத்து டன் லாரியில் ஏற்றினால் 200 லாரி, அதிக எண் என்றால் 800. ஒரு 50 கிலோ மூட்டையில் 25 லட்சம் அரிசிதான் இருக்கும், அப்படி 40,000 மூட்டை. ஆகவே மூட்டை எதுவும் கொண்டு வரச் சொல்ல வேண்டாம். கைப்பிடி அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு, லாரிக் கணக்கைப் பிள்ளைகளையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள்.